செப்சிஸ் சிகிச்சையில் கோலிஸ்டின்: அளவறிந்து அளித்தல்

1940-களின் இறுதியில் ஜப்பானில் மண்வாழ் பாக்டீரியா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கோலிஸ்டின் என்னும் மருந்து, 1970-களில் மருத்துவர்களால் ஏறத்தாழக் கைவிடப்பட்டது. அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கியதும், அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் கிடைக்கத் தொடங்கியதும் அதற்குக் காரணங்களாகும். கைவிடப்பட்ட அம்மருந்து இன்று நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மீண்டும் இடம்பெற்றுள்ளது. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் கட்டுப்படாமற்போனதே இம்மீள்வருகைக்குக் காரணம். அத்தகைய எதிர்ப்புத்திறனை அளிக்கும் நொதியொன்று, 2008-இல் கண்டறியப்பட்டபின், புது தில்லியின் பெயரால் வழங்கப்பட்டபோது நம் நாட்டில் பெருங்கண்டனம் எழுந்தது. பெயர் குறித்த வருத்தம் நியாயமானதே. ஆயினும் நொதி இங்கு இருப்பதை அவ்வருத்தம் மாற்றிவிடாது.

செப்சிஸ் என்பது, தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உடலின் உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலையாகும். இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்ட நோயாளிக்கு ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தப்பட வேண்டும் என்பது இன்றைய விதி. இந்நோயாளிகளிற் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே நலிவுற்றிருக்கும். சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்தையே அவர்களுக்கு அளிக்க நேர்கிறது என்பதுதான் இங்குள்ள இடர்ப்பாடு. குறைத்து அளித்தால் கிருமி மடிவதில்லை. எஞ்சுபவை எதிர்ப்புத்திறன் பெறுகின்றன. மிகுத்து அளித்தால் சிறுநீரகம் கெடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளி மிகவும் குறுகியது.

இக்குறுகிய வெளியில் முதற்பிழை நேர்வது மருந்தை அளக்கும் அலகிலேயாகும். ஊசிவழிச் செலுத்தப்படுவது கோலிஸ்டின் அன்று. அதன் முன்வடிவமான கோலிஸ்டிமெத்தேட் சோடியம் என்னும் உப்பாகும். அது உடலினுள் சென்றபின் மெல்லமெல்லக் கோலிஸ்டினாக மாறுகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதனை யூனிட் கணக்கில் அளக்கின்றனர். அமெரிக்க நூல்கள் மில்லிகிராம் கணக்கைக் கூறுகின்றன. அதுவும் உப்பின் எடையன்று, மூல மருந்தின் எடை. 10 லட்சம் யூனிட் என்பது உப்பின் எடையில் ஏறத்தாழ 80 மில்லிகிராம். மூல மருந்தின் கணக்கில் ஏறத்தாழ 33 மில்லிகிராம். அமெரிக்க நூலைப் பார்த்து ‘நாளொன்றுக்கு 300 மில்லிகிராம்’ என்று ஒருவர் எழுத, அதனை உப்பின் எடையாகக் கருதிச் செவிலியர் கலந்தளித்தால், 90 லட்சம் யூனிட் பெறவேண்டிய நோயாளி 38 லட்சத்திற்கும் குறைவாகவே பெறுவார். மறுதலையாக, உப்பின் எடையில் எழுதப்பட்ட 720 மில்லிகிராமை மூல மருந்தின் எடையாகக் கொண்டால், அளவு இரண்டு மடங்கிற்கும் மேலாகிவிடும். ஆதலின், மருந்துச் சீட்டில் மில்லிகிராம் என்று எழுதுவதை மருத்துவமனை நிர்வாகம் அறவே விலக்கி, யூனிட் கணக்கை லட்சத்தில், எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கச் செய்தல் நலம். செலவின்றி இன்றே செய்யத்தக்க சீர்திருத்தம் இது.

அடுத்தது, முதல் ஊசியின் அளவு. மருந்து மெல்லவே மாறுவதால், வழக்கமான அளவில் தொடங்கினால் இரத்தத்தில் போதிய செறிவு ஏற்பட இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். செப்சிஸ் அத்துணை நாள் காத்திராது. எனவே, கடும்நோயுற்ற பெரியவர்களுக்கு முதலில் 90 லட்சம் யூனிட் ஒருசேரச் செலுத்தப்படுகிறது. சிறுநீரகம் நலிந்திருப்பினும் இம்முதல் அளவு குறைக்கப்படுவதில்லை. இளம் மருத்துவர்கள் பலர் தயங்கித் தவறுவது இங்கேதான். குறைக்க வேண்டுவது அதன்பின் தொடரும் அளவையேயாகும். சிறுநீரகம் நன்கு இயங்குவோர்க்கு நாளொன்றுக்கு 90 லட்சம் யூனிட், இரண்டாகவோ மூன்றாகவோ பகுத்து அளிக்கப்படும். கிரியேட்டினின் வெளியேற்றம் நிமிடத்திற்கு 30 முதல் 50 மில்லிலிட்டராகக் குறைந்தோர்க்கு அது 55 முதல் 75 லட்சமாகும். குழந்தைகளுக்கு உடல் எடையைக் கொண்டு தனியே கணக்கிட வேண்டும்.

சிகிச்சை நடைபெறுங்கால், சிறுநீரின் அளவையும் இரத்தத்திற் கிரியேட்டினின் அளவையும் இயன்றவரை நாள்தோறும் பார்த்து, அதற்கேற்ப மருந்தைத் திருத்த வேண்டும். ஜென்டாமைசின், வான்கோமைசின், ஆம்போடெரிசின், சில வலிநீக்கிகள் ஆகியன உடன்சேரின் சிறுநீரகத்திற்கு நேரும் தீங்கு பெருகும். வாயைச் சுற்றி மரமரப்பு, தலைசுற்றல், தசைத் தளர்ச்சி ஆகியன நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். செயற்கை மூச்சுக் கருவியில் இருக்கும் நோயாளி இவற்றைச் சொல்ல இயலாது என்பதைச் செவிலியர் நினைவில் இருத்துதல் வேண்டும். கரைத்த மருந்தைப் பின்னர் பயன்படுத்தலாமென எடுத்துவைத்தலும் கூடாது. நீரில் நின்ற உப்பு தானாகவே கோலிஸ்டினாக மாறத் தொடங்கிவிடும்.

ஆய்வகத்திற்கும் இதிற் பங்குண்டு. கோலிஸ்டினின் மூலக்கூறு பெரியது. ஊன்தட்டில் எளிதிற் பரவாது. ஆகவே, ஏனைய மருந்துகளுக்குச் செய்வதுபோல மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கும் சோதனை இதற்கு நம்பத்தக்கதன்று. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துச் செய்யும் சோதனையே ஏற்கப்பட்ட முறை. மேலும், புரோட்டியஸ், செராஷியா ஆகியவை இம்மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாதவை. அவற்றால் வந்த செப்சிஸுக்குக் கோலிஸ்டின் அளித்தல், பயனின்றித் தீங்கை மட்டும் விலைகொடுத்து வாங்குவதாகும். ஊசி தொடங்குமுன் இரத்த மாதிரி எடுப்பதும், கிருமி இன்னதென்று தெரிந்து, அதற்குத் தீங்கு குறைந்த வேறு மருந்து பொருந்துமெனில் உடனே அதற்கு மாறுவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் கோலிஸ்டினை ‘சேமிப்பு’ வகையில், அதாவது இறுதி நிலைக்கென ஒதுக்கிவைக்க வேண்டிய மருந்துகளுள் வைத்துள்ளது.

ஒதுக்கிவைக்க வேண்டிய இம்மருந்தைத்தான் நம் கோழிப்பண்ணைகள் நெடுங்காலம் வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலந்துவந்தன. கோலிஸ்டின் எதிர்ப்பை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தவல்ல மரபணுவொன்று, சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் காணப்பட்டதென 2015-இல் வெளிவந்த செய்தி, உலகின் கண்ணைத் திறந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், நீர்வாழ் உயிரினங்கள் ஆகியவற்றிற்கும் தீவனக் கலவைகளுக்கும் கோலிஸ்டின் உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினரும் கால்நடைத் துறையினரும் இணைந்து தீவன ஆலைகளிலும் கால்நடை மருந்துக் கடைகளிலும் மாதிரி எடுத்துச் சோதித்தாலன்றி அத்தடை ஏட்டளவில் நின்றுவிடும். மாவட்ட அளவில் இவ்விரு துறைகளின் ஆய்வு முடிவுகள், மருத்துவமனை ஆய்வகங்களின் எதிர்ப்புத்திறன் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுதல் வேண்டும்.