கமாய்ச்சா பயிலும் இளம் கலைஞருக்கு

மேற்கு ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்தின் தார் வட்டாரத்திலும் வாழும் மங்கணியார் எனும் பரம்பரை இசைச் சமூகத்தில் பிறந்து, தம் வயதினர் பலர் ஹார்மோனியத்தின் பக்கம் செல்கையில் கமாய்ச்சாவைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்களுக்கு இக்கடிதம் எழுதப்படுகிறது. அவர்களுடைய தேர்வு பெரிதும் போற்றத்தக்கது. அந்த வாத்தியத்திடமிருந்து எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தொடக்கத்திலேயே தெளிவானால், பின்னாளில் வரும் சலிப்பை அவர்கள் எளிதில் தாண்டிவிடுவர்.

கமாய்ச்சா என்பது வில்லால் இழைத்து வாசிக்கப்படும் நரம்பு வாத்தியம். பெரும்பாலும் ஒரே மாமரத் துண்டைக் குடைந்து அதன் உருண்டைக் குடத்தைச் செய்து, வாய்ப்பகுதியில் ஆட்டுத் தோலை இழுத்துப் போர்த்துவர். முதன்மை நரம்புகள் மூன்றும் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்யப்படுபவை. தமிழில் இசைக் கருவியின் தந்திக்கு 'நரம்பு' என்று வழங்கும் பழஞ்சொல் இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்துவது கவனிக்கத்தக்கது. இவற்றோடு, விரல் படாமலே பிற நரம்புகளின் அதிர்வை ஏற்றுத் தாமும் ஒலிக்கும் உலோகப் பரிவுத் தந்திகளும் சேர, பரவலாகக் காணப்படும் அமைப்பில் மொத்தம் 17 தந்திகள் இருக்கும். குதிரைவால் மயிர் கட்டிய நீண்ட வில் ஒரு நரம்பின்மேல் சுரத்தை நடத்திச் செல்லும்போதே அருகிலுள்ள நரம்பையும் தொட்டுக்கொண்டு போவதால், பாடலுக்கு அடியில் ஒரு கனத்த முழக்கம் விடாமல் ஓடுகிறது. தோலின் கரகரப்பும் குடல் நரம்பின் அடர்த்தியும் பரிவுத் தந்திகளின் மினுமினுப்பும் ஒன்றாகக் கலந்த அந்த ஒலியே கமாய்ச்சாவின் உயிர்.

ஹார்மோனியத்தோடு இதை ஒப்பிடும் பழக்கத்தை இளம் கலைஞர் விட்டுவிட வேண்டும். ஹார்மோனியம் எளிதில் கைவரும், உரக்கக் கேட்கும், சுருதி கலையாது என்பவை எல்லாம் உண்மையே. ஆயினும் அதன் கட்டைகள் தனித்தனியாக நிற்பவை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் பாடகரின் குரல் வழுக்கிச் செல்லும் வழியை அவற்றால் காட்ட இயலாது. சோரட், மாரு போன்ற இராகங்களை மங்கணியார் பாடும்போது அந்த வழுக்கலில்தான் பாடலின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு விரைவான பிரயோகங்களை நாடாமல், வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீரான அழுத்தத்தில், நடுக்கமின்றி, மெதுவாக இழுக்கப் பழகுவதே சரியான பயிற்சி. வாசித்துக்கொண்டே தாமும் பாடுவது இம்மரபின் வழக்கமாதலால், வில்லின் நீளத்தை மூச்சின் நீளத்தோடு பொருத்திக்கொள்பவருக்கே பாட்டு நிற்கும்.

வாத்தியத்துக்கு இணையாகப் பாடலின் இடமும் பொழுதும் கற்கப்பட வேண்டியவை. மங்கணியார்கள் இஸ்லாமியர், தலைமுறை தலைமுறையாக அவர்களைப் புரந்துவரும் குடும்பங்களோ பெரும்பாலும் இந்து ராஜபுத்திரர்கள். ஜஜ்மான் என்று அழைக்கப்படும் அப்புரவலரின் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் திருமணம் நடந்தாலும் அதற்குரிய பாடல்களைப் பாடுவதும், சுப்ராஜ் எனப்படும் குலப்புகழ் உரையைச் சொல்வதும், ஈடாகத் தானியமும் கால்நடையும் பணமும் பெறுவதும் இவ்வுறவின் நடைமுறை. பிள்ளைப்பேற்றுப் பாடலான ஹாலரியாவுக்கு ஒரு வீடு உண்டு. மணமகனைப் பாடும் பன்னாவுக்கு ஒரு வேளை உண்டு. மேடையில் இவை அனைத்தும் அடுத்தடுத்துப் பாடப்படுகையில், எந்தப் பாடல் யாருக்காகப் பிறந்தது என்ற நினைவு முதலில் கலைஞரிடமிருந்தும் பிறகு கேட்போரிடமிருந்தும் நழுவுகிறது. குர்ஜா எனும் நாரையிடம் பிரிந்த கணவனுக்குச் செய்தி சொல்லி அனுப்பும் பெண்ணின் பாடலைப் பயில்பவர், குளிர்காலத்தில் பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் ஊரில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் அப்பறவைகளை ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும். அவற்றின் கூட்டுக் குரலைக் கேட்டவரின் வில் வேறு மாதிரி நகரும்.

மேடையை வெறுக்க வேண்டியதில்லை. ஹமீரா கிராமத்தின் சாகர் கான், 2012இல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த ஆண்டே மறைந்தவர், உலக மேடைகளில் வாசித்தும் தம் ஊரை விட்டு விலகாமல் மகன்களுக்கும் இவ்வாத்தியத்தைக் கற்பித்தார். நாட்டாரியல் ஆய்வாளர் கோமல் கோத்தாரியும் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் 1960இல் போருந்தா ஊரில் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான் எனும் நிறுவனம், பாலைநில இசையைப் பல பத்தாண்டுகள் ஒலிப்பதிவு செய்து சேர்த்தது. அத்தகைய பழைய பதிவுகளைக் கேட்கும்போது, இன்று கைதட்டலுக்காக முடுக்கப்படும் பாடல்கள் எவ்வளவு நிதானமாக நடந்தவை என்பது புலப்படும். கர்தால் எனும் மரக்கட்டைகளின் விரைவு மேடையைக் கவர்வது இயல்பே. கமாய்ச்சா அதனோடு ஓட முயலும்போது இரண்டும் கெடுகின்றன. தென்னிந்தியக் கச்சேரிகளில் மோர்சிங் என வழங்கும் கருவியின் உறவான மோர்ச்சங் பாலைவனத்திலும் வாசிக்கப்படுகிறது. பேரொலிக்கு நடுவில் அதன் மெல்லிய அதிர்வு தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்வதைக் கேட்டால், தணிந்த குரலுடைய வாத்தியம் அவையில் எப்படி நிற்கும் என்பது விளங்கும்.

இறுதியாக, கருவியைப் பேணும் வேலையைப் பிறர் கையில் விடக் கூடாது. குடல் நரம்பு திரிப்பவரும் குடம் குடைபவரும் குறைந்துவரும் நிலையில், அவ்வேலை தெரிந்த முதியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வது நலம். அறுந்த குடல் நரம்புக்குப் பதிலாக நைலானைக் கட்டினால் ஒலி வரும். அந்தக் கரகரப்பு வராது. பாலையின் வறண்ட காற்றுக்குப் பழகிய தோல், மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களின் ஈரத்தில் தளர்ந்து, நரம்புகளைத் தாங்கி அதன்மேல் நிற்கும் குதிரை சற்றே அமிழ, சுருதி இறங்கிவிடும். அவ்வூர்களுக்குச் செல்பவர் நிகழ்ச்சிக்கு நெடுநேரம் முன்னரே அரங்கத்தை அடைந்து, உறையைக் கழற்றி, தோலுக்கு இளஞ்சூடு காட்டி, பரிவுத் தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்த பிறகே ஒலிபெருக்கியின் முன் அமர வேண்டும். அமைப்பாளர் அவசரப்படுத்தினாலும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.