பசியாவரமும் பழவேற்காட்டு ஏரியும்: இடுக்கண் அழியா வாழ்வு

முன்னுரை

துன்பத்தின்போது மனந்தளராமையை வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' எனத் தனி அதிகாரமாகவே வகுத்துள்ளார். இஸ்லாம் இப்பண்பை 'ஸப்ர்' எனப் போற்றுகின்றது. ஸப்ர் என்பது கைகட்டி வாளாவிருத்தல் அன்று; கடமையில் வழுவாது நிலைத்து நிற்றலாகும். இப்பண்பு ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதைப் பழவேற்காட்டு ஏரி மீனவர் வாழ்வைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் ஏரியும்

சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. டச்சுக்காரர் 1613இல் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். வணிகக் கப்பல்கள் அகன்றன. வலை வீசியோர் அகலவில்லை.

பசியாவரம், இடமணி, சாத்தான்குப்பம், ரஹ்மத் நகர் முதலியன ஏரிக்கு அப்பால் உள்ள ஊர்கள். பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் மீன் விற்பனைக்கும் இம்மக்களுக்கு நெடுங்காலம் படகே வழியாக இருந்தது. காற்று மிகுந்த நாளில் நோயாளியைக் கரை சேர்ப்பதே ஒரு போராட்டம் எனலாம்.

பாடு முறை

இவ்வேரியில் நெடுங்காலமாக வழங்கிவருவது 'பாடு' என்னும் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை பிறருக்கு அதனை விட்டுக்கொடுப்பர். வலிமையுடையவன் ஒருவனே வாரிக்கொள்வதை இம்முறை தடுக்கின்றது. எனினும் பாட்டுரிமை எல்லா ஊரார்க்கும் கிட்டுவதில்லை. இதனால் பூசல்களும் எழுந்துள்ளன. இக்குறையையும் மறைத்தல் நேர்மையாகாது.

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையால் கூடைகளும் பெட்டிகளும் முடைந்து குடும்பத்தைத் தாங்குகின்றனர். ஏரி கைவிடும் காலத்தில் இத்தகைய கைத்தொழிலே அடுப்பை எரியவைக்கின்றது.

வந்துற்ற இடர்கள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி அங்குள்ள மீனவரின் வலையையும் படகையும் பாழாக்கியது. பேரிடர் கண்ணுக்குத் தெரியும். உதவியும் விரைந்து வரும். ஆனால், மெல்ல வரும் இடர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் குஞ்சுகள் உள்ளே வாரா. கோடையில் நீரின் உப்பு மிகும். படகுகளும் கடலுக்குச் செல்ல இயலா. முகத்துவாரம் அடைபட்டால் பகிர்ந்துகொள்ள மீன் ஏது? மீனில்லாத நீரில் பாடு முறை வெறும் பெயரளவிலேயே எஞ்சும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இம்மக்களின் உறுதி வெறும் மனவலிமை அன்று என்பது தெளிவாகின்றது. பகிர்ந்துண்ணும் முறை, கைத்தொழில், உயிருள்ள ஏரி ஆகிய மூன்றுமே அதன் தூண்கள். 'இவர்கள் எதையும் தாங்குவர்' எனப் பாராட்டிவிட்டு அத்தூண்கள் சரிவதைப் பார்த்திருத்தல் அறமாகாது. இடர்க்காலத்தில் அரிசியும் ஆடையும் வழங்குவது நற்செயலே. அதனினும் மேலானது, முகத்துவாரம் திறந்திருக்க வேண்டுமென்னும் அவர்தம் கோரிக்கைக்கு நாமும் குரல் சேர்த்தலாகும். தமிழ் பயிலும் மாணவர் ஒருமுறையேனும் அங்குச் சென்று, அவர்கள் வலைக்கும் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்து வருதல் வேண்டும். நெய்தலை ஏட்டில் மட்டும் படித்தல் போதாது. பொறுமை அவர்களிடம் உண்டு. துணை நிற்றல் நம் கடமையாகும்.