எந்த லாரி? ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்

கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் நேர்காணலுக்குப் போகிறவர், புற்றடி ஏலக்காய் ஏலத்துக்குக் கணக்கு எழுதுகிறவர், மூணாறு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் நிற்கிறவர், கேரள பிஎஸ்சி பட்டதாரி நிலைத் தேர்வில் பொது ஆங்கிலத்தை எண்ணிக் கலங்குகிறவர் என நால்வருக்கும் ஒரே இடத்தில்தான் நாக்கு தடுமாறுகிறது. 'லாரி வந்தது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். 'நேற்று வந்த லாரி பழுதாகிவிட்டது' என்பதுதான் வராது. எது, யார் என்று அடையாளம் காட்டும் இந்த வாக்கியத் துண்டுக்குத்தான் அட்ஜெக்டிவ் கிளாஸ் என்று பெயர்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் பேசி வளர்கிறவர்கள். ஆனாலும் இந்த இடத்தில் இரண்டு மொழியும் கைகொடுப்பதில்லை. 'நேற்று வந்த லாரி', 'இன்னலெ வன்ன லோரி' என இரண்டிலும் விவரம் முன்னே, பெயர் பின்னே. நம் பெயரெச்சம் இப்படித்தான் வேலை செய்கிறது. திராவிட மொழிகளின் இந்தத் தன்மையைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். முதலில் பெயர், அடுத்து இணைப்புச் சொல், பிறகு விவரம்: 'தி லாரி தட் கேம் யெஸ்டர்டே'. ஆகவே வாயைத் திறந்ததும் பெயரைச் சொல்லிவிடுங்கள். மனிதரென்றால் 'ஹூ', பொருளென்றால் 'தட்' அல்லது 'விச்', உடைமை என்றால் 'ஹூஸ்'. அப்பா எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையன், 'தி பாய் ஹூஸ் ஃபாதர் வர்க்ஸ் இன் தி எஸ்டேட்'.

அடிக்கடி காணும் தவறு இரண்டு. 'தி ஃபைல் தட் யூ சென்ட் இட்' என்று எழுதுகிறார்கள். 'இட்' இருந்த இடத்துக்குத்தான் 'தட்' வந்துவிட்டதே, இரண்டும் சேர்ந்து நிற்காது. இன்னொன்று, 'தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்'. வந்தவர் அவர்தான் என்பதால் இங்கே 'ஹூ' கட்டாயம் வேண்டும். 'தி ஃபைல் யூ சென்ட்' என்பதில் அனுப்பியவர் வேறு ஆள். அதனால் அங்கே 'தட்' இல்லாவிட்டாலும் பிழையில்லை.

இனி வருவது கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய சங்கதி. நான் வந்த பஸ், நான் வந்த வேலை, நான் வந்த நாள். மூன்றிலும் 'நான் வந்த' ஒன்றுதான். பஸ்ஸில் வந்தேனா, வேலைக்காக வந்தேனா என்பதைக் கேட்கிறவரே புரிந்துகொள்வார். தமிழ் அந்த வேற்றுமை உருபை விட்டுவிடும், ஆங்கிலம் விடாது. 'தி பஸ் தட் ஐ கேம் இன்', 'தி வர்க் தட் ஐ கேம் ஃபார்' என்று கடைசியில் 'இன்', 'ஃபார்' நிற்க வேண்டும். நாளுக்கு மட்டும் சலுகை உண்டு: 'தி டே ஐ கேம்' போதும். இந்தக் கடைசிச் சொல்லை விடாமல் சொல்லிப் பாருங்கள், உங்கள் ஆங்கிலம் சட்டென்று நிமிர்ந்துவிடும்.

வியாபாரக் கடிதம் எழுதுகிறவர்கள் காற்புள்ளியிலும் கண் வைக்க வேண்டும். 'வி சென்ட் பேக் தி பேக்ஸ் தட் காட் வெட்' என்றால் நனைந்த மூட்டைகள் மட்டும் திரும்பின. 'வி சென்ட் பேக் தி பேக்ஸ், விச் காட் வெட்' என்றால் எல்லாமே நனைந்தன, எல்லாமே திரும்பின. 'நனைந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பினோம்' என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் பொருந்தும். ஆங்கிலத்தில் அந்த ஒரு புள்ளியை வைத்தே எதிர்த்தரப்பு பணம் கேட்கும்.

பயிற்சிக்குத் தனிப் புத்தகம் தேட வேண்டியதில்லை. உங்கள் வேலையிலிருந்தே இரண்டு சின்ன வாக்கியங்கள் எழுதுங்கள்: 'தி கஸ்டமர் கால்ட். ஹீ வான்ட்ஸ் எ பில்.' பிறகு சேருங்கள்: 'தி கஸ்டமர் ஹூ கால்ட் வான்ட்ஸ் எ பில்.' தினம் ஐந்து ஜோடி போதும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேர்காணலில் உங்களைப் பற்றிக் கேட்டால், 'ஐ ஆம் ஃப்ரம் மறையூர்' என்று நிறுத்திவிடாதீர்கள். 'ஐ ஆம் ஃப்ரம் மறையூர், விச் இஸ் நோன் ஃபார் இட்ஸ் ஜாகரி' என்று தொடருங்கள். அந்த வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.