வினவியவள் இறந்த கதை: 'ஆயிஷா' இரா. நடராசனின் இளையோர் புனைவு

தமிழில் சிறுவர் இலக்கியம் என்றவுடன் பாட்டும் நீதிக்கதையுமே நினைவில் எழுகின்றன. பதின்பருவத்தார்க்கெனப் புனைகதை படைத்தோர் சிலரே. அவருள் குறிப்பிடத்தக்கவர் இரா. நடராசன், கடலூரில் பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். தாம் படைத்த கதைமாந்தரின் பெயரே அடைமொழியாகி 'ஆயிஷா' நடராசன் என வழங்கப்பெறுபவர்.

1990களில் வெளிவந்த 'ஆயிஷா' என்னும் அப்படைப்பு, அறிவியல் நூல் ஒன்றுக்கு ஆசிரியை வரையும் முன்னுரையாக அமைந்துள்ளது. ஆயிஷா பெற்றோரை இழந்த பள்ளி மாணவி. காந்தத்தைத் துண்டாக்கிக்கொண்டே சென்றால் என்னாகும் என்பது போன்ற வினாக்களை அவள் தொடுக்கிறாள். விடையறியாத ஆசிரியர்கள் பிரம்பை எடுக்கின்றனர். அடியின் வலி தெரியாதிருக்க, உடலை மரத்துப்போகச் செய்யும் வேதிப்பொருளைத் தனக்கே செலுத்திக்கொண்டு உயிர் துறக்கிறாள். முன்னுரை நூலை அறிமுகப்படுத்துதற்குரிய இடம். ஈண்டு அதுவே இரங்கலுரையாகிவிடுகிறது. கதையின் கூர்மை இவ்வடிவத்திலேயே உள்ளது எனலாம்.

ஆயிஷா என்னும் பெயர் நம் சமூகத்தார்க்குக் கல்வியோடு இணைந்தது. நபித்தோழர்களே சென்று ஐயம் தெளிந்த அன்னையின் பெயர் அது. அப்பெயரினள் ஐயம் கேட்டதற்காக அடிபடுகிறாள் என்னும்போது நெஞ்சு கனக்கிறது.

நடராசனுக்கு 2014ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றுத் தந்த நூல் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. விக்கிரமாதித்தன் மரபில் வினாத் தொடுப்பது வேதாளம். விடையறிந்தும் வாய்திறவாதவனுக்கே தலை வெடிக்கும். 'ஆயிஷா'வின் வகுப்பறையிலோ நிலை தலைகீழ். வாய்திறவாதோர் நலமாக இருக்க, வினவியவளே மாள்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பயில்வோர்க்கு ஆசிரியரின் உள்ளக்கிடக்கை புலனாகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பேருந்திலிருந்து காணும் நம் பிள்ளை, 'இப்பறவைகள் ஏன் இங்கே வருகின்றன?' என்று வினவினால், நம்மில் எத்தனை பேர் உடனமர்ந்து விடை தேடுவோம்?

இளையோர் கதைக்கு இத்தகு முடிவு தகுமா என வினவுவார் உளர். அவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. இளைய வகுப்பினர் இதனைத் தனித்துப் பயிலாமல் ஆசிரியரோடு சேர்ந்து பயில்வதே நன்று. எனினும் முடிவை மாற்றியிருக்கலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயிஷா பிழைத்திருப்பின் அவ்வாசிரியை அம்முன்னுரையை எழுதியிருக்கவே மாட்டாள்.