கழுத்திலுள்ள கேடயம்

இமயமலையின் அடிவாரத்தே, இன்றைய இமாசலப் பிரதேசத்தில், காங்க்ரா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. பனி மூடிய சிகரங்களும் பசிய வயல்களும் காண்போர் கண்ணைக் கவர்வன. ஆயினும், 1956ஆம் ஆண்டளவில் அங்குச் சென்றோர் மனத்தை வருத்தும் மற்றொரு காட்சியையும் கண்டனர். ஆடவர், பெண்டிர், சிறுவர் எனப் பலருடைய கழுத்தும் முன்புறம் பருத்திருந்தது. இதனை முன்கழுத்துக் கழலை என்பர்.

நம் குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப் பூச்சி சிறகு விரித்தாற்போல, ஒரு சுரப்பி அமைந்துள்ளது. அதற்குத் தைராய்டு அல்லது கேடயச் சுரப்பி என்று பெயர். அதன் எடை ஏறத்தாழ இருபது கிராமே. அது தைராக்சின் முதலிய ஹார்மோன்களைச் சுரந்து குருதியில் நேரே கலக்கச் செய்கிறது. உடலின் வெப்பமும் இதயத்தின் துடிப்பும் உண்ட உணவு ஆற்றலாக மாறும் வேகமும் இவற்றைப் பொறுத்தனவே.

தைராக்சினைச் செய்வதற்கு அயோடின் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும்; வாழ்நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி அளவுகூட ஆகாது! மலைநாடுகளிலோ பனியும் மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் அது குறைந்துவிடும். கிடைக்கும் சிறிதளவையும் விடாது பற்றுதற்குச் சுரப்பி தன்னையே பெருக்கிக்கொள்கிறது. கழலை என நாம் காண்பது அதன் ஓயாத உழைப்பின் அடையாளமே ஆகும்.

அவ்வுழைப்பும் பயன்படாதபோது ஹார்மோன் குறையும். உடல் சோரும், குளிர் பொறுக்காது, நினைவும் சிந்தனையும் மந்தமாகும். குருதியிற் கொழுப்பு மிகுந்து, நாளடைவில் இதயத்திற்கும் தீங்கு நேரும். பெண்டிர்க்கு மாதவிலக்கு முறை தவறும், கருத்தரித்தல் அரிதாகும், தரித்த கரு சிதைதலும் உண்டு. இவற்றுட் பல, மாத்திரையாகத் தைராக்சினை உட்கொண்டால் சீர்பெறக்கூடியவை.

சீர்பெறாத ஒன்றும் உண்டு. கருவில் வளரும் குழவி முதல் மூன்று திங்கள் வரை தனக்கு வேண்டும் தைராக்சினைத் தானே செய்ய இயலாது. தாயின் குருதியிலிருந்தே பெறுகிறது. மூளை உருப்பெறத் தொடங்கும் காலமும் அதுவே. அப்போது கடுங்குறை நேர்ந்தால், குழந்தை செவிப்புலனும் பேச்சும் இன்றி, அறிவும் உடலும் வளர்ச்சி குன்றிப் பிறத்தல் கூடும். பின்னர் எத்துணை மருந்து அளித்தாலும் இழந்ததை முற்றும் மீட்க இயலாது. கழுத்தின் வீக்கத்தைக் கண்டு இரங்கியோர், கண்ணுக்குத் தெரியாத இவ்விழப்பை நெடுங்காலம் அறிந்திலர்.

காங்க்ராவில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடன் பணிபுரிந்தோரும் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக வகுத்து, இரண்டிற்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றிற்குச் சாதாரண உப்பும் கிடைக்கச் செய்தனர். 1962இல் ஆராய்ந்தபோது, முதலிரண்டு பகுதிகளிற் பள்ளிச் சிறாரிடையே கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது, மற்றதிற் குறையவேயில்லை. அதன் பின்னரே அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. ஒப்பு நோக்குவதற்காக ஒரு பகுதி மக்களை அத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் செய்தது முறையா என இன்று கேட்கத் தோன்றுகிறது. எனினும், அவ்வாண்டே நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது.

அயோடின் நிறைந்த ஊரிலும், பிறவியிலேயே இச்சுரப்பி குறையுற்ற குழந்தைகள் சிலர் பிறக்கின்றனர். பிறந்த சில நாட்களில் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியால் இதனை அறியலாம். இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் அளிக்கத் தொடங்கினால், அக்குழந்தை பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து கல்வி கற்கும். நம் நாட்டு மருத்துவமனைகள் அனைத்திலும் இச்சோதனை இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை.