இல்லத்தில் தஞ்சை ஓவியங்களைப் பேணும் முறை

தஞ்சை மராட்டியர் ஆட்சியில், சிறப்பாக இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் தழைத்த தஞ்சை ஓவியம் இன்றும் பல இல்லங்களில் பூசையறையை அணிசெய்கிறது. எங்கள் வீட்டிலும் தவழும் கண்ணன் படம் ஒன்று உண்டு. அதைப் பேணும் பொறுப்பை ஏற்ற நான் அறிந்தவற்றை மாணவ நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பேணும் முறையை அறியுமுன் படத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பலகையின்மேல் துணியை ஒட்டி, சுக்கான்மாவைப் பசையுடன் குழைத்துப் பூசி, புடைப்பான இடங்களில் கற்களைப் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டுவர். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பலகை விரியும்; கோடையில் சுருங்கும். மேலுள்ள சுண்ணப்பூச்சோ அவ்வாறு நெகிழாது. ஆகவே வெடிப்பு உண்டாகிப் பூச்சு உதிர்கிறது. பசை நீரில் இளகும். பூச்சிகளுக்கும் அது உணவு.

இவற்றிலிருந்து விதிகள் தாமே விளங்கும். ஈரம் கசியும் சுவரிலும், வெயில் விழும் இடத்திலும் படத்தை மாட்டலாகாது. தங்கம் ஒளியால் மங்காது, வண்ணம் மங்கும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்குமிடையே காற்று உலவும். கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். ஈரத்துணியால் ஓவியத்தைத் துடைக்கவே கூடாது. கண்ணாடியைத் துடைப்பதும் உலர்ந்த துணியாலேயே ஆகட்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் படத்தை இறக்கிப் பின்புறம் கறையான் உளதா எனப் பார்த்தல் நலம்.

இனி ஒரு சிக்கல். படத்துக்கு மிகுந்த தீங்கு செய்வன விளக்குப்புகையும் கற்பூரப்புகையுமே. படத்தைக் கூடத்துக்கு மாற்றலாம் என்றேன். "விளக்கில்லாத இடத்தில் சாமி எதற்கடா?" என்றார் என் பாட்டி. அவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. வழிபடுவதற்கென்றே வரையப்பட்ட படத்தை வெறும் காட்சிப்பொருளாக்குவதும் ஒருவகை இழப்பன்றோ? முடிவில் படம் பூசையறையிலேயே இருந்தது; விளக்கு மட்டும் மூன்றடி தள்ளி, எதிர்ப்புறச் சன்னலோரம் சென்றது. கற்பூர ஆரத்தி வாசற்படியருகே நிகழ்கிறது.

பூச்சு உதிர்ந்தால் கடைப்பசை கொண்டு ஒட்ட முயலாதீர்கள். உதிர்ந்த துணுக்குகளைத் தாளில் மடித்து வைத்து, படத்தை மல்லாத்திக் கிடத்தி, வல்லுநரை நாடுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே பழம்பொருள் பாதுகாப்புக்கென வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அத்தகைய இடத்தில் கேட்டறிவதே முறை. புது வண்ணம் பூசிப் "புதுப்பித்த" படத்தில் பழைய ஓவியனின் கை மறைந்துவிடும். அதை மீட்பது எளிதன்று.