போன வருடம் ஆடியவள் இந்த வருடம் ஏன் ஆடவில்லை?

கேள்வி: ஹட்டன் கல்வி வலயத்தில் உள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றில் நடன ஆசிரியையாக இருக்கிறேன். பரிசளிப்பு விழாவுக்காகக் கொழுந்து நடனம் பழக்கிக்கொண்டிருக்கிறேன். தரம் 6 முதல் என்னிடம் ஆடிவரும் முஸ்லிம் மாணவி ஒருத்தி இப்போது தரம் 10இல் படிக்கிறாள். எப்போதும் முன்வரிசையில் நிற்பவள். ஒத்திகை தொடங்கிய அன்று தனியாக வந்து, "இந்தத் தடவ நான் ஆடல்ல டீச்சர்" என்றாள். வீட்டில் ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு கடைவீதியில் அவளுடைய உம்மாவைக் கண்டபோது, அவருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. நாங்கள் ஆடுவது பரதநாட்டியம்கூட இல்லை. கூடை சுமந்து ஆடும் நடனம்தான். சாமி பாட்டும் கிடையாது. இஸ்லாத்தில் ஆடவே கூடாது என்றால் போன வருடம் எப்படி ஆடினாள்?
ஓர் ஆசிரியை, மலையகம்

பதில்: நல்ல கேள்வி. அதிலும் உங்கள் கடைசி வரி மிக நல்ல கேள்வி, ஏனென்றால் விடையின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் ஒரு தப்பெண்ணத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம்.

இஸ்லாத்தில் ஆட்டமே ஆகாது என்று நம் ஊர்களில் பலர் நினைக்கிறார்கள். முஸ்லிம்களிலும் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மார்க்க அறிஞர்களிடையே இதில் ஒரே கருத்து ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் நபிகளாரின் பள்ளிவாசலிலேயே ஈட்டிகளை வைத்து விளையாடியதையும், நபிகளாரும் அவர் மனைவி ஆயிஷா நாயகியும் அதைப் பார்த்ததையும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு பெரிய ஹதீஸ் தொகுப்புகளும் சொல்கின்றன. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். மத்ஹபு என்பது மார்க்கச் சட்டத்தை விளக்கும் நான்கு பெரிய மரபுகளில் ஒன்று. அந்த மரபின் முக்கிய நூலான 'மின்ஹாஜ்' 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதியது. ஆட்டம் என்பதற்காகவே ஒன்று விலக்கப்பட்டதாகிவிடாது, குழைந்து நெளியும் ஆட்டம்தான் விலக்கு என்பது அதிலுள்ள நிலைப்பாடு. இசைக்கருவிகள் விஷயத்தில் இதைவிடக் கடுமையாகப் பேசிய அறிஞர்கள் ஏராளம். ஆகவே ஆகும் என்பவர்களும் உண்டு, ஆகாது என்பவர்களும் உண்டு.

நம் நாட்டிலேயே கிழக்கு மாகாணத்துக்குப் போனால் முஸ்லிம் ஆண்கள் வட்டமாக நின்று கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடியையும் களிகம்பையும் பார்க்கலாம். கேரளத்தில் முஸ்லிம் கல்யாண வீட்டுப் பெண்கள் கைதட்டி ஆடும் ஒப்பனை, அங்கே பாடசாலைக் கலைவிழாவில் ஒரு போட்டி. தமிழ்நாட்டில் ஜாகிர் உசேன் முஸ்லிமாகப் பிறந்து பரதக் கலைஞராகப் பெயர் பெற்றவர். எனவே "முஸ்லிம் என்பதால் ஆடவில்லை" என்று முடித்துவிட்டால் அது பாதி விடைகூட ஆகாது.

பரதத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஆடத் தொடங்குமுன் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், தெய்வத்துக்குப் பூத்தூவும் பாவனையும், சலங்கைக்குப் பூசை வைப்பதும் அந்தக் கலையோடு பிறந்தவை. இறைவனுக்கு மட்டுமே தலை வணங்குவேன் என்று நம்பும் பிள்ளைக்கு அங்கே தயக்கம் வருவது இயல்பு. இந்தப் பிணைப்பை மறுபக்கத்தாரும் உணர்ந்தே இருக்கிறார்கள். கேரளத்தில் மன்சியா என்ற பரதக் கலைஞர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மதம் எதையும் பின்பற்றுவதில்லை என்று சொல்பவர். 2022இல் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயில் விழாவில், அவர் இந்து அல்லர் என்று சொல்லி ஆட இடம் மறுத்தார்கள். ஆனால் இந்தக் காரணம் உங்கள் மாணவிக்குப் பொருந்தாது. கொழுந்து நடனத்தில் வணக்கம் எதுவுமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அப்படியானால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையில் மாறியது என்ன? அவளுடைய வயதுதான்.

இஸ்லாமியச் சட்டத்தில் பாலிக் என்று ஒரு நிலை இருக்கிறது. பருவமடைந்து, தன் செயலுக்குத் தானே பொறுப்பாளியாகும் நிலை அது. அதற்கு முன் பிள்ளை தொழுதால் நன்மை உண்டு, தொழாவிட்டால் குற்றமில்லை. அதற்குப் பின் தொழுகையும் நோன்பும் ஆடை ஒழுங்கும் கடமையாகிவிடுகின்றன. அன்றிலிருந்து அவள் கணக்கு தனிக் கணக்கு. உம்மாவோ வாப்பாவோ அவளுக்காகப் பதில் சொல்ல முடியாது. தரம் 6இல் ஆடியது ஒரு சிறுபிள்ளை. தரம் 10இல் உங்கள் முன் வந்து நின்றவள், மார்க்கத்தின் கண்ணில், பெரிய மனுஷி. பருவம் வந்த அன்றே எல்லாம் மாறிவிடுவதில்லை. சிலருக்கு ஓரிரண்டு வருடம் எடுக்கும், சிலர் கடைசிவரை அப்படி யோசிப்பதே இல்லை. உங்கள் மாணவி யோசித்திருக்கிறாள். முன்பு ஆடியதை வைத்து அவளுடைய சொல்லில் முரண் பார்க்க வேண்டியதில்லை.

இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் பாடசாலைக்கும் பங்கு இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். தரம் 1 முதல் அவள் இஸ்லாம் பாடம் படிக்கிறாள், பரீட்சையும் எழுதுகிறாள். தொழுகையும் நோன்பும் யார்மீது கடமை என்பதெல்லாம் அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலிலேயே வருகிறது. படித்ததை ஒரு பிள்ளை நடைமுறைப்படுத்தினால் நாம் வியப்பது ஏன்?

இனி நடனத்துக்கே வருவோம். மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் படங்கு, தலையில் மடித்துப் போட்ட துணி, அதன்மேல் கூடைக் கயிறு. அட்டைக்கும் பனிக்கும் தேயிலை வாதின் கீறலுக்கும் அஞ்சி உடம்பு முழுவதும் மூடியிருக்கும். அதே அம்மா மேடைக்கு வரும்போது கை குட்டையான மினுமினுப்புச் சட்டை போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். கங்காணி வேடமிட்ட பையன் குறுக்கும் நெடுக்கும் போவான், பின்னால் தப்புச் சத்தம், பாட்டு சினிமா மெட்டு. முன்னால் அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், தோட்டத்துரை, ஊர்ச் சனம். இதில் குற்றம் எதுவுமில்லை. நம் பிள்ளைகள் ஆசையாக ஆடுகிறார்கள், பெற்றோர் பூரிக்கிறார்கள். ஆனால் அவ்ரத் என்று மார்க்கம் சொல்லும் உடற்பகுதிகளை, அதாவது அந்நிய ஆண்கள் முன் மூடியிருக்க வேண்டியவற்றை, கவனிக்கத் தொடங்கிவிட்ட பெண்ணுக்கு அந்த மேடை வேறு மாதிரித் தெரியும். ஹயா என்கிற நாணம் ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஒரு பகுதி என்று அவள் படித்திருக்கிறாள். அவள் தவிர்ப்பது நடனத்தை என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அவள் தவிர்ப்பது பலர் பார்க்க மேடையில் நிற்பதை. அமெரிக்காவில், முஸ்லிம்கள் நிறைய வாழும் ஹாம்ட்ராம்க் என்ற ஊரில், 2012இல் உயர்பள்ளி மாணவிகள் தாங்களே பணம் திரட்டிப் பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் நடன இரவு ஒன்றை நடத்தினார்கள். பையன்களோடு ஆடும் வழக்கமான விருந்துக்குப் போக விரும்பாத பிள்ளைகள், தங்களுக்குள் ஆசைதீர ஆடினார்கள்.

கைப்பேசியில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, கேட்டு மனம் மாறியிருப்பாளோ, யாராவது தூண்டியிருப்பார்களோ என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். கேட்டிருக்கலாம். அவள் தோழி புது அசைவுகளைப் பழகிக்கொள்வதும் அதே கைப்பேசியில்தான். பதினைந்து வயதில் எந்த முடிவும் எங்கிருந்தோ கேட்டதிலிருந்துதான் பிறக்கும். கவனிக்க வேண்டியது, வற்புறுத்தல் இருக்கிறதா என்பதை. அதை நீங்கள் ஏற்கெனவே கவனித்துவிட்டீர்கள்: தனியாக வந்து, தன் வாயால், தெளிவாகச் சொன்னாள், தாய்க்கே அது தெரியாது. நுவரெலியா மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான். வகுப்பில் ஒருத்தியாகவோ இருவராகவோ இருக்கும் பிள்ளை, முன்வரிசை இடத்தைத் தானாக விட்டுக்கொடுத்து வேறுபட்டு நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

"இதில் மதமே இல்லையே" என்ற உங்கள் நியாயம் ஒரு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கீதத்தின் வரிகளை ஆராய்ந்து, யாருடைய மதத்தையும் புண்படுத்தும் சொல் அதில் இல்லை என்று வழக்கைத் தள்ளியது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர்பெற்ற அது இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பை எழுதினார். வரிகளில் குற்றம் உண்டா என்று மற்றவர்கள் பார்ப்பது கேள்வியே இல்லை. அந்த நம்பிக்கை உண்மையாக மனதில் பற்றியிருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று நீதிமன்றம் கண்டது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. கொழுந்து நடனத்தில் மதம் இருக்கிறதா என்பதை நீங்களும் நானும் எவ்வளவு ஆராய்ந்தாலும், அவள் மனதுக்கு அது தீர்ப்பாகாது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. மற்ற உரிமைகள் பலவற்றுக்கு உள்ள மட்டுப்பாடுகள் இதற்குக் கிடையா. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 14ஆவது உறுப்புரை இதே சுதந்திரத்தைப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சொல்கிறது.

வேறு நாடுகளில் இதற்கு எல்லை இல்லாமலில்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகர முஸ்லிம் பெற்றோர், தங்கள் சிறு பெண்பிள்ளைகளைப் பையன்களோடு சேர்ந்து நடக்கும் நீச்சல் பாடத்துக்கு அனுப்ப மறுத்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் பாடசாலையின் பக்கம் நின்றது. காரணம், அது கட்டாயப் பாடம். உடம்பை மூடும் நீச்சலுடைக்கும் பாடசாலை அனுமதி கொடுத்திருந்தது. அந்த ஊர் விதியிலும் பருவமடைந்த பிள்ளைக்கு விலக்குப் பெற வழி இருந்தது, இவர்கள் அந்த வயதை எட்டவில்லை என்பதுதான் பிரச்சினை. உங்களுடையதோ பரிசளிப்பு விழா. விரும்பியவர்கள் ஆடும் நிகழ்ச்சி.

இனி என்ன செய்வது? "சரிம்மா" என்று சொல்லி, அவள் இடத்துக்கு வேறொருத்தியை நிறுத்துங்கள். வகுப்பு முன்னால் காரணம் கேட்க வேண்டாம். மார்க்கத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று விளக்கம் கேட்கவும் வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளை மௌலவி இல்லை. நான்கு வருடம் ஆடியவளுக்குத் தாளம் தெரியும், வரிசை தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கவோ, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கவோ விருப்பமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் குழுவில் இன்னொரு முஸ்லிம் பிள்ளை ஆடுகிறாள் என்றால் அவளை இவளோடு ஒப்பிட்டு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது, பாடசாலைக்குள்ளும் சரி, வெளியிலும் சரி. ஆடுவதும் ஆடாததும் அவரவர் தீர்மானம்.

ஒன்று மட்டும் அவசரம். சாதாரண தரத்துக்கு அவள் நடனத்தையே தொகுதிப் பாடமாக எடுத்திருக்கிறாளா என்று பாருங்கள். எடுத்திருந்தால் செய்முறைப் பரீட்சையில் ஆடித்தான் ஆக வேண்டும். அதற்கும் அவள் மனம் ஒப்புகிறதா என்று இப்போதே கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் சித்திரத்துக்கோ இலக்கியத்துக்கோ மாற வழி செய்யும்படி வகுப்பாசிரியரோடும் அதிபரோடும் இந்தத் தவணைக்குள்ளேயே பேசுங்கள். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாள்வரை தள்ளிப்போட்டால் புதுப் பாடத்தைப் படித்து முடிக்க அவளுக்குக் காலம் போதாது.